அழைக்க முதல்

திரை நீலமாகி ஏழு நொடி நிற்கும்.
பிறகு தானாய் அணைந்து தானாய்ப் பிறக்கும்.
ஏழு நொடிக்குள் அந்த வரியை
முழுதாய் எழுதிமுடிக்க ஏலாது.
மூன்று தரம் சாகவிட்டேன்:
முதல் தரம் தொடக்க எழுத்துகள்,
இரண்டாம் தரம் நடு,
மூன்றாம் தரம் பூச்சியங்களும் கடைசியில் ஓர் ஏழும்.

ஒட்டுசுட்டான். நெல் எடுக்கிற காலம்.
வாசலிலிருந்து வீதி வரைக்கும் உழவு இயந்திரப் பெட்டிகள்,
ஈரம் பார்க்கக் காத்துக்கிடக்கிற மூட்டைகள்.
"பிள்ளை, கொழும்புக்கு அடிச்சுக் கேளும்"
என்றார் சங்கத் தலைவர் குலவீரசிங்கம்.

அடிக்கலாம். அடித்து என்ன சொல்வது?
"வேலை செய்யேல்லை" என்பது
"ஆளைக் காணேல்லை" என்பது மாதிரி.
அதை மட்டும் வைத்துக்கொண்டு
ஒருத்தரும் ஒன்றும் தேடமாட்டார்கள்.

கொப்பியில் கோடு போட்டேன்.

பெட்டியைத் திருப்பினால்
தந்த நிறுவனத்தின் சின்னம் பளிச்சென்று இருந்தது,
தொடரிலக்கம் பாதி உரிந்துபோயிருந்தது.
கைபேசியில் படம் எடுத்துப் பெருப்பித்தேன்.
எட்டா, 'பி'யா?
இரண்டையும் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.
காற்றுத் துவாரத்தில் சிவப்பெறும்பு. அதையும் எழுதினேன்.

ஒருக்கால் எழும்பினால் நாலு நிமிடம் உயிரோடிருக்கும்.
அதற்குள் ஓடி ஓடிப் பார்த்தது:
விண்டோஸ் பத்து, அதன் கீழே ஒரு நீள எண்.
வட்டில் மிச்ச இடம் பதினொரு ஜிபி.
நினைவகம் நாலு.
விலைச்சீட்டில் எட்டு என்று இருக்கிறது.
நான் கண்டதைத்தான் எழுதினேன்.
தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

கடைசியாய் ஒழுங்காய் வேலை செய்தது எப்போது?
செவ்வாய், பத்து நாற்பது.
முத்தையன்கட்டு இராசநாயகத்தின்
இருபத்தெட்டு மூட்டைக்குப் பற்றுச்சீட்டு அடித்தது.
அதற்கு முதல் நாள் பின்னேரம் கறண்ட்
இரண்டு தரம் போய் வந்தது.
அறையில் ஆர் ஆர் நின்றது?
நான், தயாநிதி, தயாநிதியின் மகன்.
மகன் பாட்டுக் கேட்க ஒரு பென்டிரைவ் செருகினவன்.

பேனை கொஞ்சம் நின்றது.
தயாநிதி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
எழுதினேன்.
ஒரு வரி மறைத்தால் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்கள்.
அன்று அவள் எனக்குத் தேத்தண்ணி போடவில்லை.

பிறகுதான் அடித்தேன்.
மூன்று மொழியில் காத்திருக்கச் சொல்லிவிட்டு
ஒரு குழல் இசை. அதற்குப் பிறகு பர்ஹான் என்று ஒரு பெடியன்.
"மெஷின் மாடல் மட்டும் கொஞ்சம்..."
சொன்னேன்.
"சீரியல் நம்பர்..."
சொன்னேன், எட்டோ 'பி'யோ என்பதையும் சேர்த்து.
"எரர் கோட் எழுதி வச்சிருக்க மாட்டீங்க, பரவால்ல..."
சொன்னேன், பூச்சியங்களை எண்ணி எண்ணி.

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.
"மேடம் முந்தி ஐடியில வேல செஞ்சீங்களா?"

இல்லை தம்பி.
படிவம் நிரப்பியிருக்கிறேன்.
உயரம், இடது புருவத்துத் தழும்பு,
கடைசியாய்க் கண்ட இடம், கண்ட நேரம்,
பக்கத்தில் நின்றவர்கள்,
போட்டிருந்த சேட்டின் நிறம்.
பதினாறு வருஷம், ஆறு கந்தோர்.
ஒரு கடதாசி குறைகிறது என்று திருப்பி அனுப்பினால்
அடுத்த தரம் அதில் இரண்டு கொண்டு போவேன்.

இதொன்றும் அவனுக்குச் சொல்லவில்லை.
"கொஞ்சம் எழுதிப் பழக்கம்" என்றேன்.
சிரித்தான். முறைப்பாட்டு இலக்கம் தந்தான்.
"நாளைக்குப் பத்து மணிக்குள்ள எடுப்போம்."
இலக்கத்தை எழுதினேன்,
அவன் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினேன்,
வைத்த நேரத்தையும்.

அன்றைக்கு முழுக்கப் பற்றுச்சீட்டைக் கையால் எழுதினோம்.
கார்பன் தாள் விரலில் ஒட்டியது.

அடுத்த நாள் ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு
தொலைபேசி அடித்தது.
சொன்ன நேரத்துக்கு முன்பே
ஓர் இடத்திலிருந்து திரும்ப எடுக்கிறார்கள்.
அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல்
மூன்று மணியடிக்க விட்டுத்தான்
எடுத்தேன்.